பழுது பார்ப்பதைப் பற்றியும் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் வேளாண் பக்கத்தைத் தவறாமல் படிக்கிறவன் நான். புதிதாக ஒரு மினி டிராக்டர் வந்தால் எத்தனை குதிரைத்திறன், எத்தனை கியர், பின்னால் மாட்டும் கருவியைத் தூக்கும் லிப்ட் எத்தனை கிலோ தூக்கும் என்று படத்தோடு போடுகிறீர்கள். வாங்கப் போகிறவருக்கு அது உதவும். ஆனால் வாங்கி நாலைந்து வருடம் ஓட்டியவருக்கு அந்தப் பக்கத்தில் ஒரு வரி இருப்பதில்லை. வேலைக்கு நடுவே வண்டி நின்றுவிட்டால் முதலில் எதைப் பார்ப்பது, மெக்கானிக் சொல்வது சரிதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது, எதில் கை வைக்கவே கூடாது என்பதையெல்லாம் யாரும் எழுதுவதில்லை. அந்தக் குறையால்தான் கடிதம் கொஞ்சம் நீளமாகிவிட்டது. பொறுமையாகப் படிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

மரங்களுக்கு நடுவே ஓட்டுவதற்காக ஒரு மூன்று சிலிண்டர் மினி டிராக்டர் வைத்திருக்கிறேன். இன்ஜின் ஓடிய மணி நேரத்தைக் காட்டும் ஹவர் மீட்டர் மூவாயிரத்தைத் தாண்டிவிட்டது. இன்றுவரை இன்ஜினைப் பிரித்ததில்லை. இதில் என் சாமர்த்தியம் எதுவும் இல்லை. ஆயிலும் காற்றும் சுத்தமாக இருந்தால் இந்த டீசல் இன்ஜின்கள் அவ்வளவு நாள் உழைக்கக் கூடியவைதான். வண்டியை நிற்க வைப்பது பெரும்பாலும் இன்ஜின் அல்ல. களிம்பு பிடித்த ஒயர் முனை, அடைத்துக்கொண்ட பில்ட்டர், ஒட்டாத ஒரு சுவிட்ச், வெடித்துப்போன ஒரு ரப்பர் குழாய் என்று சின்னச் சின்னவைதான். பழுதால் ஆகிற நஷ்டத்தைவிட, எது பழுது என்று கண்டுபிடிக்காமலே பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றுவதால் ஆகிற நஷ்டம் பெரிது. நான் சொல்ல வந்தது இதுதான்.

எங்கள் வண்டிக்கே நடந்ததைச் சொல்கிறேன். ஒரு நாள் சாவியைத் திருப்பினால் டக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஸ்டார்ட்டர் சுற்றவில்லை. சர்வீஸுக்கு வந்தவர் பேட்டரி போய்விட்டது என்றார். புதுப் பேட்டரி போட்டோம். இரண்டு நாள் ஓடியது, மறுபடியும் அதே டக். ஸ்டார்ட்டர் மோட்டார்தான் காரணம் என்று அதையும் கழற்றி வேறு மாட்டினார்கள். அதன் பிறகும் காலையில் பிடிக்கும், வெயிலில் வேலை செய்து நிறுத்தினால் பிடிக்காது. அடுத்து சாவி சுவிட்ச் என்றார்கள். அங்கேதான் நான் நிறுத்தச் சொன்னேன்.

ஒரு சாதாரண மல்டிமீட்டரை எடுத்து டி.சி. வோல்ட்டில் வைத்தேன். பேட்டரி முனைகளில் 12.6 வோல்ட் காட்டியது. நன்றாகச் சார்ஜ் ஏறிய பேட்டரி, வேலை இல்லாமல் இருக்கும்போது காட்ட வேண்டிய அளவு அது. அப்புறம் மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்திலும் மறு முனையை இன்ஜின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத ஓர் இடத்திலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, சீட்டில் உட்கார்ந்திருந்தவரைச் சாவியைத் திருப்பச் சொன்னேன். எர்த் (பேட்டரியின் நெகட்டிவை வண்டியின் இரும்போடு சேர்க்கும் ஒயர்) நன்றாக இருந்தால் அந்த நேரத்தில் அரை வோல்ட்டுக்கும் கீழேதான் காட்ட வேண்டும். இரண்டு வோல்ட்டைத் தாண்டியது. அதாவது ஸ்டார்ட்டருக்குப் போக வேண்டிய வலுவை வழியிலேயே எர்த் ஒயர் தின்றுகொண்டிருக்கிறது. ஒயர் சட்டத்தில் சேருகிற இடத்தில் போல்ட்டைக் கழற்றிப் பார்த்தால், வட்டக் கண்ணின் அடியில் பெயின்ட்டும், அதற்கு மேல் பச்சை பூத்த துருவும். உப்புத்தாளால் இரண்டு பக்கமும் இரும்பும் செம்பும் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவினேன். அன்றிலிருந்து முதல் திருப்பலிலேயே பிடிக்கிறது. கழற்றிப் போட்ட பழைய ஸ்டார்ட்டரும் பழைய பேட்டரியும் நல்ல நிலையில்தான் இருந்தன.

அந்த மெக்கானிக்கைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. கையில் மீட்டர் இல்லாமல், ஒயரிங் படம் இல்லாமல், அடுத்த வண்டிக்கு நேரமாகிறது என்ற அவசரத்தில் வருகிறவர் வேறு என்ன செய்வார்? மாற்றிப் பார்ப்பார். ஆனால் மாற்றிப் பார்ப்பதன் செலவு வண்டிக்காரருடையது. அதனால் மல்டிமீட்டர் பிடிக்கத் தெரிவது, கிரீஸ் கன் பிடிக்கத் தெரிவதைப் போலவே டிராக்டர்காரருக்கு அவசியம் என்று உறுதியாக நம்புகிறேன். சில எண்கள் மட்டும் மனதில் இருந்தால் போதும். நிற்கும்போது 12.6, இன்ஜின் ஓடும்போது பதினான்கை ஒட்டி, ஸ்டார்ட்டர் சுற்றும்போது ஒன்பதரைக்குக் கீழே இறங்கக் கூடாது. ஓடும்போதும் பன்னிரண்டரையிலேயே நின்றால் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் பக்கம் பார்க்க வேண்டும். அதிலும் முதலில் பெல்ட்டைப் பார்க்க வேண்டும்.

டக் சத்தம்கூட வரவில்லை என்றால் அது வேறு கதை. மினி டிராக்டரில் கிளட்ச் பெடல், நியூட்ரல், பி.டி.ஓ. (கருவியைச் சுழற்ற இன்ஜின் வலுவை வெளியே கொடுக்கும் தண்டு) லீவர், பல வண்டிகளில் சீட் என்று ஆங்காங்கே பாதுகாப்பு சுவிட்ச்கள் இருக்கின்றன. ஏதாவது ஒன்று ஒட்டவில்லை என்றால் ஸ்டார்ட்டருக்கு மின்சாரமே போகாது. பி.டி.ஓ. லீவர் கால்வாசி மாட்டிக்கொண்டு நிற்பதைக் கவனிக்காமல் வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போனவர்களைப் பார்த்திருக்கிறேன். லீவர்களையெல்லாம் ஒருமுறை ஆட்டி நியூட்ரலில் வைத்து, கிளட்சை முழுக்க மிதித்து, பியூஸைப் பார்த்த பிறகுதான் மெக்கானிக்குக்கு போன் போட வேண்டும்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஸ்டார்ட் ஆகாத வண்டியின் பக்கத்தில் தரையில் நின்றுகொண்டு, ஸ்டார்ட்டர் மோட்டாரின் இரண்டு போல்ட்டையும் ஸ்க்ரூடிரைவரால் சேர்த்துப் பொறி பறக்க வைத்து ஸ்டார்ட் செய்கிற பழக்கம் டிராக்டர் இருக்கிற எல்லா இடத்திலும் இருக்கிறது. அப்படிச் செய்யும்போது மேலே சொன்ன பாதுகாப்பு சுவிட்ச் ஒன்றும் வேலை செய்யாது. கியரில் இருந்தால் வண்டி அந்த நொடியே கிளம்பும். நிற்கிறவர் நிற்பது பின்சக்கரத்துக்கு முன்னால். குதித்து விலக நேரமே இருக்காது. கியருக்குப் பதில் ஆயில் அழுத்தத்தால் நகரும் ஹைட்ரோஸ்டேட்டிக் வகை வண்டி ஸ்டார்ட் ஆனவுடன் சும்மா நிற்பதுபோல் தெரிந்து, ஆயில் அழுத்தம் ஏறியதும் நகரவும் கூடும். இப்படி உயிர் போனவர்களில் வண்டியைத் தினமும் ஓட்டிப் பழகியவர்களும் உண்டு. சீட்டில் உட்கார்ந்து சாவியால் ஸ்டார்ட் ஆகவில்லையா, அந்த வண்டி அன்றைக்கு நிற்கட்டும். சீட் சுவிட்ச் தொந்தரவு செய்கிறது என்று இரண்டு ஒயரையும் முறுக்கிவிடுவதும் இதே ரகம்தான். பத்து நிமிட வேலையில் சுவிட்சை மாற்றிவிடலாம்.

சரி, ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் கொஞ்ச நேரம் ஓடித் தானாக நின்றுபோகிறது என்று வைத்துக்கொள்வோம். கொஞ்சம் ஆறவிட்டால் மறுபடி பிடிக்கிறது. இதற்கு உடனே டீசல் பம்ப்பைக் கழற்றச் சொல்வார்கள். சம்மதிக்காதீர்கள். அடுத்த முறை நிற்கப் போகிற நேரத்தில் டேங்க் மூடியைத் தளர்த்திப் பாருங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே இழுத்து, இன்ஜின் பழைய வேகத்துக்கு வந்தால், மூடியில் இருக்கும் காற்றுத் துளை தூசியால் அடைத்திருக்கிறது. டீசல் இறங்க இறங்க அந்த இடத்தை நிரப்பக் காற்று வர வழியில்லாமல் டேங்க் தானே டீசலைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. துளையைக் கழுவி ஊதினால் தீர்ந்தது. மூடியில் கோளாறு இல்லை என்றால் டேங்கின் வாயில் சருகோ பிசினோ இருக்கிறதா, பில்ட்டர் அடைத்திருக்கிறதா, ரப்பர் குழாய் உள்ளுக்குள் உரிந்து மடிந்திருக்கிறதா என்று டீசல் வருகிற வழியிலேயே ஒவ்வொன்றாகப் போக வேண்டும். கண்ணாடிக் கிண்ணம் உள்ள பில்ட்டராக இருந்தால் அடியில் தண்ணீர் தனியாகத் தெரியும். இரவில் அரை டேங்க்கோடு நிற்கும் வண்டியில் உள்ளே ஈரம் படிந்து தண்ணீராகச் சேரும். வேலை முடிந்ததும் டேங்க்கை நிரப்பி நிறுத்துவது நல்லது என்பது இதனால்தான்.

பில்ட்டர் மாற்றியதும் ஏர் பிடித்துக்கொண்டு வண்டி மக்கர் செய்வதும் இயல்பு. டேங்க் குழாயைத் திறந்து, பில்ட்டர் தலையில் இருக்கும் ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்தினால் நுரை நுரையாக வரும். நுரை நின்று டீசல் கண்ணாடிபோல் வரும்வரை விட்டு இறுக்க வேண்டும். பிறகு பம்ப்பில் இருக்கும் ஸ்க்ரூ. பெரும்பாலான வண்டிகளுக்கு அதோடு சரியாகிவிடும். இன்ஜெக்டருக்குப் போகும் குழாயின் நட்டைத் தளர்த்த வேண்டி வந்தால் கையையும் முகத்தையும் விலக்கிக்கொள்ளுங்கள். இன்ஜெக்டரில் டீசல் நூறு பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில் பீய்ச்சுகிறது. முடி அளவு ஓட்டையிலிருந்து வரும் அந்தப் பீய்ச்சல் தோலைத் துளைத்துக்கொண்டு சதைக்குள் போய்விடும். வெளியே பார்த்தால் ஊசி குத்தியதுபோல் ஒரு புள்ளிதான் தெரியும், வலிகூட முதலில் அவ்வளவு இருக்காது. ஆனால் உடனே மருத்துவமனைக்குப் போகாவிட்டால் விரலை, சில நேரம் கையையே எடுக்க வேண்டி வரும். ஹைட்ராலிக் குழாய்க்கும் இது அப்படியே பொருந்தும். கசிவு எங்கே என்று தேட ஓர் அட்டையை நீட்டுங்கள், விரலை ஒருபோதும் நீட்டாதீர்கள். காமன் ரெயில் வகை புது இன்ஜின்களில் அழுத்தம் இதைவிடப் பத்து மடங்குக்கும் மேல். அதில் எந்த நட்டையும் வீட்டில் தளர்த்தக் கூடாது.

சூடேறுவதைப் பற்றி: மினி டிராக்டர் தரைக்கு மிகத் தாழ்வாக இருக்கிறது. மண்ணைக் கிளறும் ரொட்டவேட்டர் கிளப்பும் தூசியும், வெட்டிய புல்லும் நேரே முன்பக்கத்துக்குள்தான் போகும். ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு கம்பி வலை உண்டு. அதை உருவித் தட்டுவது ஒரு நிமிட வேலை. அதற்குப் பின்னால் ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளுக்கு நடுவே அடைந்ததை, பேன் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக ஊத வேண்டும். எதிர்ப்பக்கத்திலிருந்து ஊதினால் குப்பை இன்னும் உள்ளே போய் உட்காரும். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள் என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் ஒவ்வொரு சீசனிலும் யாராவது முகம் வெந்து போகிறார்கள். வலை சுத்தம், தண்ணீர் சரி, பெல்ட் சரி, அப்படியும் சூடு ஏறுகிறது என்றால் தண்ணீர் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டைப் பார்க்க வேண்டும். ரேடியேட்டருக்குள் விடாமல் குமிழ் வந்துகொண்டே இருந்தால் அது இன்ஜின் தலைக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் போனதன் அடையாளம், அப்போது வண்டியை ஓட்டவே கூடாது.

புகையும் நிறைய சொல்லும். கறுப்புப் புகை வந்தால் காற்று போதவில்லை அல்லது வண்டியின் சக்திக்கு மேல் இழுக்க வைக்கிறோம். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. காலையில் கொஞ்ச நேரம் வெள்ளையாக வந்து நின்றுவிட்டால் காரணம் குளிர், அல்லது குளிர்ந்த இன்ஜினைச் சூடாக்கும் குளோ பிளக்கின் கோளாறு. நாள் முழுக்க வெள்ளை என்றால் தண்ணீர் உள்ளே போகிறதா என்று பார்க்க வேண்டும். கறுப்பு என்றதும் இன்ஜெக்டர் நாசிலைக் கழற்றாமல் முதலில் ஏர் பில்ட்டரைத் திறக்க வேண்டும். காகித பில்ட்டரைச் சக்கரத்தில் அடித்துத் தூசி தட்டுகிறார்கள். அதில் காகிதம் மடிப்பில் கிழிந்துவிடும், கண்ணுக்குத் தெரியாது. உள்ளே ஒரு விளக்கை வைத்து வெளியே பார்த்தால் கிழிசல் வெளிச்சமாகத் தெரியும். இரட்டை பில்ட்டரில் உள்ளே இருக்கும் சின்னதைச் சுத்தம் செய்யக் கூடாது, மாற்றத்தான் வேண்டும். பில்ட்டர் கூட்டின் அடியில் தொங்கும் ரப்பர் மூக்கைத் தினமும் ஒருமுறை கிள்ளிவிட்டால் தூசி கொட்டிவிடும். இந்த இன்ஜின்களைச் சீக்கிரம் கொல்வது தூசிதான்.

லிப்ட் பற்றிக் கேட்காத நாளில்லை. தூக்கிய கருவி இறங்கவே மாட்டேன் என்கிறது என்று ஒருவர் ஹைட்ராலிக் கவரையே பிரிக்கத் தயாராகிவிட்டார். சீட்டுக்கு அடியில் இறங்கும் வேகத்தைக் கட்டுப்படுத்த ஒரு திருகு இருக்கிறது. வண்டியை ரோட்டில் கொண்டுபோகும்போது யாரோ அதை முழுக்க மூடியிருக்கிறார்கள். கால் சுற்று திறந்ததும் கருவி மெல்லத் தரையில் உட்கார்ந்தது. மாறாக, தூக்கவே மறுக்கிறது, கூடவே ஊளையிடுகிற சத்தமும் வருகிறது என்றால் பம்ப் ஆயிலுக்குத் தவிக்கிறது. ஆயில் அளவு, உறிஞ்சும் பில்ட்டர், அந்தக் குழாயின் கிளாம்ப் மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் பம்ப்பைச் சந்தேகிக்க வேண்டும். மினி டிராக்டர்கள் பெரும்பாலானவற்றில் கியர் பெட்டிக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஒரே ஆயில்தான். அது பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. லிப்ட், கியர், பேரிங் எல்லாமே அதில் கெடும். புது வண்டிக்கு முதல் ஐம்பது மணி நேரத்தில் பில்ட்டர் மாற்றச் சொல்வதைப் பலர் தள்ளிப்போடுகிறார்கள். புது கியர்கள் ஒன்றோடொன்று தேய்ந்து பழகும்போது உதிரும் இரும்புத் துகள் அந்த முதல் பில்ட்டரில்தான் சேர்கிறது. அதைத் தள்ளிப்போட வேண்டாம்.

ரொட்டவேட்டர் ஷாப்டில் இருக்கும் ஷியர் போல்ட் உடைவது பழுதே அல்ல. கல்லில் மாட்டும்போது கியர் பெட்டிக்குப் பதிலாகத் தான் உடையத்தான் அதை வைத்திருக்கிறார்கள். அடிக்கடி உடைகிறது என்று இன்னும் கடினமான போல்ட்டை மாட்டினால் அடுத்து உடைவது கியர் பெட்டி. போல்ட் தலையில் 8.8, 10.9 என்று எண் இருக்கும். எண் கூடினால் வலு கூடும். கருவிக்கு எது என்று எழுதியிருக்கிறதோ அதையே பெட்டியில் நாலைந்து வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். அதை மாற்றும்போதும் சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் குனிய வேண்டும். லிப்ட்டை மட்டும் நம்பித் தூக்கிய கருவிக்கு அடியில் படுக்கக் கூடாது. கீழே கனமான கட்டை இருக்க வேண்டும்.

முன் அச்சுக்குத் தனி ஆயில் உண்டு, அதை மறக்காதீர்கள். டயர் மாற்றினால் முன்னால் இருந்த அளவையே முன்னும், பின்னால் இருந்த அளவையே பின்னும் போடுங்கள், இல்லையென்றால் நாலு சக்கர இழுவை கெடும்.

இனி டிராக்டர் கம்பெனிகளுக்கு. பி.டி.ஓ. தண்டும், ஹாரி பெர்குசன் என்ற டிராக்டர் வடிவமைப்பாளர் காட்டிய மும்முனை இணைப்பும் (கருவியை வண்டியின் பின்னால் மூன்று இடத்தில் மாட்டும் முறை) உலகம் முழுக்கப் பொதுவான அளவுகளுக்கு வந்துவிட்டன. ஆறு பள்ளம், 35 மி.மீ. தண்டு, நிமிடத்துக்கு 540 சுற்று என்றால் எந்தக் கம்பெனி கருவியும் எந்தக் கம்பெனி வண்டியிலும் ஓடுகிறது. இதைச் செய்ய முடிந்தவர்களால் சர்வீஸ் கையேட்டையும் ஒயரிங் படத்தையும் தமிழில் அச்சிட்டு வண்டியோடு தர முடியாதா? இப்போது தருகிற கையேட்டில் ஆயில் மாற்றும் அட்டவணையும் உத்தரவாத நிபந்தனையும்தான் இருக்கின்றன. எந்த சுவிட்ச் எந்த ஒயரில் இருக்கிறது, எந்த போல்ட்டை எவ்வளவு இறுக்குவது என்பதெல்லாம் டீலர் கணினிக்குள் பூட்டிக் கிடக்கிறது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் 2023-ல் ஒரு சட்டம் இயற்றியது. விவசாய இயந்திரம் செய்கிறவர்கள் உதிரிபாகம், கருவி, கையேடு, மென்பொருள் ஆகியவற்றை உரிமையாளருக்கும் வெளி மெக்கானிக்குக்கும் தர வேண்டும் என்கிற அந்தச் சட்டம் 2024 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அங்கே முடிந்தது மற்ற இடங்களிலும் முடியும். புது மாடல்களில் கணினிக் கட்டுப்பாடு கூடக்கூட இந்தத் தேவை இன்னும் அவசரமாகிறது. வாங்கப் போகிறவர்களும் லிப்ட் கொள்ளளவைக் கேட்பதற்கு முன்னால் கையேடு எங்கே, பில்ட்டர் எத்தனை நாளில் கிடைக்கும் என்று கேட்க ஆரம்பித்தால் கம்பெனிகளுக்கும் உறைக்கும்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். மாதம் ஒரு முறையாவது அரைப் பக்கம் பழுது பார்ப்பதற்கு ஒதுக்குங்கள். அனுபவமுள்ள மெக்கானிக்குகளை எழுத வையுங்கள். அவர்களுக்கு எழுத வராவிட்டால் நிருபரை அனுப்பிப் பேசவைத்து, படத்தோடு போடுங்கள்.

கடிதத்துக்கு இடம் போதாவிட்டால் எதை வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள். ஸ்க்ரூடிரைவரால் ஸ்டார்ட் செய்வதைப் பற்றிய பத்தியை மட்டும் முழுதாகப் போடும்படி வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மினி டிராக்டர் வைத்திருக்கும் ஒரு விவசாயி